ராஜகோபுரம் 1 மீட்டர் ஆனால்? ராணுவ சரக்கு விமானத்தை அளவு பிசகாமல் மாடலாகச் செய்வது எப்படி?

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் சுமார் 72 மீட்டர். அதை அப்படியே 72 மடங்கு சுருக்கினால் சரியாக 1 மீட்டர் வரும். வீட்டு ஹாலில் ஒரு ஓரமாக நிறுத்தி வைத்துவிடலாம். அதே 72 மடங்கு கணக்கில் இந்திய விமானப்படையின் ஏஎன்-32 சரக்கு விமானத்தைச் சுருக்கினால், இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 40.6 சென்டிமீட்டர்தான். படிக்கிற மேஜையில் அடங்கிவிடும்.

உலகம் முழுக்க விமான மாடல் செய்கிறவர்கள் அதிகம் பயன்படுத்தும் அளவு இந்த 1/72. பொம்மை விமானத்துக்கும் 'ஸ்கேல் மாடல்' என்பதற்கும் என்ன வித்தியாசம்? அளவு ஏன் அவ்வளவு முக்கியம்? திருச்சியில் இருக்கிற ஒரு மாணவர் இதை வீட்டிலேயே செய்ய முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்கேல் மாடல் என்றால் என்ன?

பொம்மை விமானம் என்பது 'விமானம் மாதிரி' இருந்தால் போதும். ஸ்கேல் மாடல் அப்படி இல்லை. நிஜ விமானத்தின் நீளம், அகலம், உயரம், சக்கரம், ஜன்னல் என எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்க வேண்டும். இறக்கையை 72 மடங்கு சுருக்கிவிட்டு, சக்கரத்தை 60 மடங்கு சுருக்கினால் அது மாடல் இல்லை, கார்ட்டூன்.

நம்ம ஊருக்கு இது புதிய விஷயமும் இல்லை. கோயில் சிலை வடிக்கும் ஸ்தபதிகள் 'தாலம்' என்ற அளவுமுறையைத்தான் பின்பற்றுகிறார்கள். முகத்தின் நீளம் ஒரு பங்கு என்றால் மொத்த உடல் எத்தனை பங்கு என்று கணக்கு இருக்கிறது. சிலை ஒரு சாண் இருந்தாலும் ஓர் ஆள் உயரம் இருந்தாலும் விகிதம் மாறாது. விமான மாடலும் அதே கதைதான்.

அது என்ன 72?

இது அடி, அங்குலக் கணக்கில் வந்தது. 6 அடி என்பது 72 அங்குலம். எனவே 1/72 அளவில் 6 அடி உயர மனிதர் சரியாக 1 அங்குலம் ஆகிவிடுவார். கணக்குப் போட ரொம்ப எளிது.

இதற்கு ஒரு போர்க்கால வரலாறும் உண்டு. 1942-ல், இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் ஒரு உதவி கேட்டது. 5 லட்சம் விமான மாடல்களை 1/72 அளவில் செய்து கொடுங்கள் என்பதுதான் அது. விளையாடுவதற்காக இல்லை. வானில் வருவது நம் விமானமா, எதிரி விமானமா என்று சில நொடிகளில் கண்டுபிடிக்க வீரர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக.

1/72 மாடலை 10 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், நிஜ விமானத்தை 720 மீட்டர் தூரத்தில் பார்ப்பது போலவே இருக்கும். மாடலில் இறக்கையின் வடிவம் தப்பாக இருந்தால், அதைப் பார்த்துப் பழகிய வீரர் தன் நாட்டு விமானத்தையே சுட்டுவிடும் ஆபத்து இருந்தது. அளவு பிசகக் கூடாது என்ற பிடிவாதம் அப்போது உயிர் சம்பந்தப்பட்டது.

ஏன் ஏஎன்-32?

போர் விமானங்களை எல்லாரும் செய்கிறார்கள். சரக்கு விமானத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அதிலும் ஏஎன்-32 தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது. கோவை சூலூர் விமானப்படைத் தளத்தில் இந்த விமானங்களை இயக்கும் 33-வது ஸ்குவாட்ரன் இருக்கிறது.

1984 முதல் இந்திய விமானப்படையில் சேர்க்கப்பட்ட இந்த விமானத்தை வடிவமைத்தது, அன்றைய சோவியத் ஒன்றியத்தின் உக்ரைனில் இருந்த ஆன்டனோவ் நிறுவனம். 100-க்கும் மேற்பட்ட விமானங்களை இந்தியா வாங்கியது. 2008-ல் லடாக்கில் சுமார் 16,600 அடி உயரத்தில் இருக்கும் தௌலத் பேக் ஓல்டி ஓடுதளத்தில் இறங்கிக் காட்டியதும் இதே ஏஎன்-32தான்.

கோட்டை விடும் இடம் எது?

ஏஎன்-32-க்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் ஏஎன்-26. இரண்டின் உடலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் இன்ஜினில்.

காற்று மெலிந்த மலை உச்சியிலும், வெயில் கொளுத்தும் ஊரிலும் கிளம்ப வேண்டும் என்றால் அதிக சக்தி வேண்டும். அதற்காக ஏஎன்-32-க்குப் பெரிய இன்ஜினும், 4.7 மீட்டர் விட்டமுள்ள பெரிய புரொப்பல்லரும் கொடுத்தார்கள். இவ்வளவு பெரிய புரொப்பல்லர் தரையில் இடிக்கக் கூடாது அல்லவா? அதனால் இன்ஜினை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். முன்னால் நின்று பார்த்தால் இறக்கையின் முதுகில் இரண்டு பீப்பாய்களை ஏற்றி வைத்தது போலத் தெரியும். இன்ஜினைக் கீழே இறக்கி ஒட்டிவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அது ஏஎன்-32 ஆகாது.

கவனிக்க வேண்டிய மற்ற விஷயங்கள்:

• இறக்கை உடலின் உச்சியில் இருக்கும். உடலை ஒட்டிய பகுதி மட்டமாகவும், வெளிப்பகுதி லேசாகக் கீழ்நோக்கிச் சரிந்தும் இருக்கும்.
• புரொப்பல்லருக்கு 4 பிளேடுகள்.
• சரக்கு ஏற்றும் கதவு வால் பகுதிக்கு அடியில், சாய்தளம் போலத் திறக்கும்.
• பின்பக்கம் அடியில் இரண்டு சிறிய துடுப்புகள் உண்டு.

இதே சிக்கல் சி-130ஜே சூப்பர் ஹெர்குலிஸ் செய்கிறவர்களுக்கும் வரும். இந்தியா வைத்திருப்பது நீட்டிக்கப்பட்ட ரகம். சாதாரண ரகத்தைவிட 15 அடி நீளம் அதிகம். குட்டை ரக கிட்டை வாங்கினால், 1/72 அளவில் 6.35 செ.மீ. நீளத்தை உடலில் வெட்டிச் சேர்க்க வேண்டும். அதையும் ஒரே இடத்தில் சேர்க்க முடியாது. இறக்கைக்கு முன்னால் 100 அங்குலம், பின்னால் 80 அங்குலம் என்று பிரித்துத்தான் நிஜ விமானத்தை நீட்டியிருக்கிறார்கள். பழைய ஹெர்குலிஸில் 4 பிளேடு, இதில் 6 பிளேடு என்பதையும் மறக்கக் கூடாது.

ஏஎன்-32: நிஜ அளவும் மாடல் அளவும்

• இறக்கை அகலம்: நிஜத்தில் 29.2 மீட்டர், 1/72-ல் 40.6 செ.மீ., 1/144-ல் 20.3 செ.மீ.
• நீளம்: நிஜத்தில் சுமார் 23.7 மீட்டர், 1/72-ல் 32.9 செ.மீ., 1/144-ல் 16.4 செ.மீ.
• உயரம்: நிஜத்தில் 8.75 மீட்டர், 1/72-ல் 12.2 செ.மீ., 1/144-ல் 6.1 செ.மீ.
• புரொப்பல்லர் விட்டம்: நிஜத்தில் 4.7 மீட்டர், 1/72-ல் 6.5 செ.மீ., 1/144-ல் 3.3 செ.மீ.

இதில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். 1/72 மாடலில் 1 மி.மீ. தவறினால், நிஜ விமானத்தில் அது 7.2 செ.மீ. தவறுக்குச் சமம். உடலும் இறக்கையும் சேரும் இடத்தில் அரை மி.மீ. இடைவெளி விட்டால், நிஜத்தில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை.

கிட் இல்லாமல் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். கிட் என்பது பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டி. விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. முதல் முறை செய்கிறவர்கள் சன் போர்டு, கெட்டி அட்டை, பால்சா மரம் என்று ஆரம்பிக்கலாம்.

அவர்களுக்கு 1/72-ஐவிட 1/100 வசதி. காரணம், கால்குலேட்டரே வேண்டாம். நிஜத்தில் எத்தனை மீட்டரோ, மாடலில் அத்தனை சென்டிமீட்டர். 29.2 மீட்டர் இறக்கை 29.2 செ.மீ. ஆகிவிடும்.

படிப்படியாக:

1. முதலில் 'மூன்று பார்வை' வரைபடம் வேண்டும். அதாவது முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து பார்ப்பது. தேவையான அளவுக்கு பிரின்ட் எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து சரிபாருங்கள். பிரின்டர் 'பக்கத்துக்குப் பொருந்தும்படி' தானாகச் சுருக்கிவிடும். பலர் தோற்பது இங்கேதான்.

2. ஒரே ஒரு விமானத்தை, ஒரே ஒரு வருடத்தை முடிவு செய்யுங்கள். மேம்படுத்தலுக்கு முன், பின் என்று ஆன்டெனாக்களும் பெயின்ட்டும் மாறியிருக்கும். ஐந்து விமானங்களின் படங்களைக் கலந்து செய்தால், அப்படி ஒரு விமானம் உலகத்திலேயே இருக்காது.

3. உடலின் குறுக்கு வெட்டு வடிவங்களை வட்ட வட்டமாக வெட்டி, நடுத்தண்டில் வரிசையாக நிறுத்துங்கள். மேலே மெல்லிய அட்டையைப் போர்த்துங்கள். கிட் என்றால் பாகங்களை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துத் தொடங்குங்கள்.

4. பசை போடாமல் ஒருமுறை எல்லாவற்றையும் பொருத்திப் பாருங்கள். இறக்கையின் இரு முனைகளும் மேஜையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று அளந்த பிறகுதான் ஒட்ட வேண்டும்.

5. மூடுவதற்கு முன்னால் மூக்குப் பகுதியில் எடை வையுங்கள். இல்லாவிட்டால் வால் தரையில் உட்கார்ந்து, மூக்கு வானத்தைப் பார்க்கும். மீன் தூண்டிலுக்குப் போடும் ஈயக்குண்டே போதும்.

6. இணைப்புகளைப் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன் பிறகு பெயின்ட். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு.

7. கடைசியாக அடையாளக் குறிகள். இந்திய விமானப்படையின் வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, மையத்தில் பச்சை. இதை மாற்றி ஒட்டிவிட்டு போட்டியில் மதிப்பெண் இழக்காதீர்கள்.

கவனம் தேவை!

பெயின்ட், தின்னர், பசை ஆகியவற்றின் வாசனை உடம்புக்கு நல்லதல்ல. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பிளேடு வேலையில் சின்னப் பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள். முடித்த பிளாஸ்டிக் மாடலைத் திருச்சி வெயிலில், பூட்டிய காருக்குள் வைத்தால் மெல்லிய பாகங்கள் வளைந்துவிடலாம்.

முக்கியமாக, விமானப்படைத் தளங்களில் அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. அது சட்டச் சிக்கல். விமானப்படையே வெளியிட்ட படங்கள் நிறைய இருக்கின்றன. அதுவே போதும்.

இதனால் என்ன பயன்?

என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங் பயிற்சியின் ஒரு பகுதி. அகில இந்திய வாயு சைனிக் முகாமிலும் இதற்குப் போட்டி நடக்கிறது. வரைபடத்தைப் படிப்பது, அளப்பது, பொறுமையாக இருப்பது என மூன்றும் பொறியியலுக்கு அடிப்படை.

திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்துவிட்டு, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போன அப்துல் கலாமை விமானத்துறை பக்கம் இழுத்தது எது தெரியுமா? கல்லூரியில் காட்சிக்கு வைத்திருந்த, பறக்காத இரண்டு பழைய விமானங்கள். அவற்றின் அருகே நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்ததை அவரே 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்லியிருக்கிறார்.

வாலில் என்ன எண் எழுதுவது?

கடைசிக் கேள்வி இதுதான். 2016 ஜூலை 22 அன்று சென்னை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32, வங்கக் கடலுக்கு மேல் மாயமானது. அதன் எண் கே-2743. உள்ளே 29 பேர். பல வாரம் தேடியும் கிடைக்கவில்லை.

ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சென்னையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி, கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் பிடித்திருந்தது. அந்தப் படங்களை ஆராய்ந்ததில் அவை ஏஎன்-32 விமானத்துடன் ஒத்துப்போவது தெரியவந்தது. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் விழுந்ததாகப் பதிவு இல்லை. 29 குடும்பங்களின் காத்திருப்புக்கு ஒரு பதில் கிடைத்தது.

ஒரு விமானத்தின் வடிவத்தைத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருப்பதன் மதிப்பு இதுதான். உங்கள் மாடலின் வாலில் எந்த எண்ணை எழுதினாலும், அது யாரோ சிலர் உள்ளே உட்கார்ந்து பறந்த விமானத்தின் எண். கே-2743 என்று எழுதுவதாக இருந்தால், இன்னும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.