தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாகிறதா? மூளைக்கு அடியில் இருக்கும் 'பட்டாணி'யும், நாய்கள் சொல்லும் ரகசியமும்!

பத்து வயது நாய் அது. முன்பெல்லாம் காலையில் ஒருமுறை தண்ணீர் ஊற்றி வைத்தால் சாயங்காலம் வரை வரும். இப்போது எப்போது பார்த்தாலும் கிண்ணம் காலி. ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. எவ்வளவு போட்டாலும் இன்னும் கேட்கிறது. வயிறு தொங்குகிறது, உடம்பில் ரோமம் கொட்டுகிறது. 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு வீட்டில் 35 வயதுப் பெண். முகம் உருண்டையாகிவிட்டது. வயிறு பெருத்து, கை கால்கள் மெலிந்துவிட்டன. லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றிப்போகிறது. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. பிரஷர், சுகர் இரண்டும் புதிதாக வந்திருக்கின்றன. 'குண்டாயிட்டே, வாக்கிங் போ' என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் அறிவுரை.

இந்த இரண்டு வீடுகளும் கற்பனை. ஆனால், நோய் நிஜம். இருவருக்கும் இருக்கக்கூடிய அந்த ஒரே நோயின் பெயர், 'குஷிங் நோய்'.

பட்டாணிக்குள் ஒரு கடுகு

மூளையின் அடிப்பகுதியில், மூக்குக்கு நேர் பின்னால், எலும்புக் குழி ஒன்றில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது பிட்யூட்டரி சுரப்பி. அளவு ஒரு பட்டாணிதான். ஆனால் வளர்ச்சி, தாய்ப்பால், மாதவிடாய், தைராய்டு, மனஅழுத்தத்தைச் சமாளிப்பது என எல்லாவற்றுக்கும் உத்தரவு இங்கிருந்துதான் போகிறது.

இந்தச் சுரப்பியில் கட்டி வந்தால், அது பெரும்பாலும் புற்றுநோயாக இருப்பதில்லை. வேறு இடத்துக்குப் பரவுவதும் மிக அரிது. பிரச்னை என்னவென்றால், சில கட்டிகள் சும்மா இருக்காமல் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். புரோலாக்டின் அதிகமானால் மாதவிடாய் தடைப்படும். குழந்தை பெறாதவருக்கும் பால் சுரக்கலாம். வளர்ச்சி ஹார்மோன் அதிகமானால் கை, கால், தாடை பெருத்துக்கொண்டே போகும். ஏ.சி.டி.ஹெச் என்ற ஹார்மோன் அதிகமானால், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி ஓய்வில்லாமல் கார்டிசாலைக் கொட்டும். அதுதான் குஷிங் நோய். அமெரிக்க மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் 1932-ல் இதை விவரித்ததால் இந்தப் பெயர்.

குஷிங் நோயை உண்டாக்கும் கட்டி பல நேரங்களில் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. எம்.ஆர்.ஐ ஸ்கேனிலும் சிலருக்குத் தென்படாது. மூக்கு வழியாக அறுவை சிகிச்சை செய்து எடுத்தாலும் ஆய்வகத்துக்குக் கிடைப்பது துளியூண்டு திசுதான். அதையும் ஆய்வுத் தட்டில் நீண்ட நாள் வளர்த்தெடுப்பது மிகவும் சிரமம். நோயாளிகளோ, 10 லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலர்தான். கட்டி எப்படித் தொடங்குகிறது, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை எப்படித்தான் தெரிந்துகொள்வது? அங்கேதான் விலங்குகள் வருகின்றன.

கண்ணைத் தேடினார்கள்... கட்டி கிடைத்தது!

1992-ல் விஞ்ஞானிகள், 'ஆர்.பி' என்ற மரபணுவின் ஒரு பிரதியை முடக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். இந்த மரபணு கெட்டால் குழந்தைகளுக்கு விழித்திரையில் புற்றுநோய் வரும். எனவே எலிகளின் கண்ணில் கட்டி வரும் என்று எதிர்பார்த்தார்கள். கண்ணில் ஒன்றும் வரவில்லை, பிட்யூட்டரியில் வந்தது! செல்கள் பெருகுவதற்குப் 'பிரேக்' போடும் மரபணுக்கள் இந்தச் சுரப்பிக்கு எவ்வளவு முக்கியம் என்று அப்போது புரிந்தது.

ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்களுக்கு நேர்ந்தது இன்னொரு ஆச்சர்யம். அங்கே வளர்ந்த எலிகளில் சில, இளம் வயதிலேயே கண்புரையோடு இருந்தன. அவற்றைத் தொடர்ந்து கவனித்தபோது பிட்யூட்டரி, தைராய்டு, அட்ரீனல் எனப் பல சுரப்பிகளில் கட்டிகள் வருவது தெரிந்தது. 2006-ல் அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மனிதர்களிடம் தேடியபோது, பிட்யூட்டரி கட்டியும் பாராதைராய்டு கட்டியும் இருந்த ஒருவரிடம் அதே மரபணு பழுதாகியிருந்தது. அவர் குடும்பத்தில் தலைமுறைகளாக அந்தப் பழுது தொடர்ந்திருந்தது. 'மென்-4' என்று இன்று அழைக்கப்படும் பரம்பரை நோயை நமக்கு அடையாளம் காட்டியவை அந்த எலிகள்தான்.

கண்ணாடி மீன்

கங்கைச் சமவெளி ஓடைகளில் நீந்தும் விரல் நீள மீன், வரிக்குதிரை மீன். இதன் கரு கண்ணாடிபோல ஒளி ஊடுருவக்கூடியது. உள்ளே நடப்பதை உயிரோடு இருக்கும்போதே மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிடலாம். லாஸ் ஏஞ்சலஸின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவ மையத்தில், குஷிங் நோய் வரும்படி மரபணு மாற்றிய வரிக்குதிரை மீன்களை உருவாக்கினார்கள். செல் பெருக்கத்தைத் தடுக்கும் ஒரு மருந்து, மீனிலும் பிறகு எலியிலும் கட்டியை அடக்கியது. 2011-ல் இது வெளியானது.

அந்த மருந்து மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்க்கப்பட்டது. ஒன்பது பேரிடம் நடந்த சிறிய சோதனையில், சிறுநீரில் வெளியேறும் கார்டிசால் குறைந்தது. ஆனால் ஒருவருக்கும் இயல்பு அளவுக்கு வரவில்லை. இருவருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டு, மருந்தை நிறுத்திய பிறகு சரியானது. மீனுக்குக் கேட்ட மருந்து மனிதருக்கும் அப்படியே கேட்கும் என்று சொல்லிவிட முடியாது.

நாய்... நோயாளியும்கூட!

எலிக்கும் மீனுக்கும் இந்த நோயை நாம் வரவழைக்க வேண்டியிருக்கிறது. நாய்க்கு அது தானாகவே வருகிறது. நாய்களின் குஷிங் பாதிப்பில் 80 சதவிகிதத்துக்கு மேல் பிட்யூட்டரி கட்டியால்தான். மனிதர்களைவிட நாய்களிடம் பல நூறு மடங்கு அதிகமாக இது காணப்படுகிறது. நம் வீட்டிலேயே, நம்மோடு ஒரே காற்றைச் சுவாசித்து வயதாகும் உயிர் என்பதால், ஆய்வகக் கூண்டு எலியைவிட நம் உடலுக்கு நெருக்கமான பாடம் கிடைக்கிறது.

அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் குஷிங் நோய் வந்த நாய்களுக்கு, வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினோயிக் அமிலத்தை ஆறு மாதம் கொடுத்தார்கள். ஏ.சி.டி.ஹெச் குறைந்தது, கட்டி சுருங்கியது, உதிர்ந்த ரோமம் மீண்டும் வளர்ந்தது. 2006-ல் வெளியான இந்த முடிவைத் தொடர்ந்து, மனிதர்களிடமும் சிறிய அளவில் சோதனைகள் நடந்தன. சிலருக்குப் பலன் தெரிந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் நாய்களுக்குப் பிட்யூட்டரி அறுவை சிகிச்சையே செய்கிறார்கள். அங்கே நாய்க்கும் சிகிச்சை கிடைக்கிறது, அகற்றிய கட்டி ஆய்வுக்கும் உதவுகிறது.

பூனையும் இந்த வரிசையில் உண்டு. இங்கிலாந்தில் 1,221 சர்க்கரை நோய்ப் பூனைகளைப் பரிசோதித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் நான்கில் ஒரு பூனைக்கு வளர்ச்சி ஹார்மோன் கோளாறு இருக்கலாம் என்று தெரியவந்தது. இன்சுலின் ஏற்றிக்கொண்டே இருந்தும் சுகர் இறங்காததற்குப் பிட்யூட்டரி காரணமாக இருந்திருக்கிறது.

விலை கொடுப்பது யார்?

நாய்க்கு நடப்பது சிகிச்சை, வீடு திரும்புகிறது. கட்டி வருவதற்கென்றே பிறக்கவைக்கப்படும் எலிக்கு வீடும் இல்லை, தேர்வும் இல்லை. அந்த எலி காட்டும் பாதையும் சில நேரம் நம்முடையதாக இருப்பதில்லை. 'ஆர்.பி' எலிகளுக்குக் கட்டி வருவது பிட்யூட்டரியின் நடுமடலில். வளர்ந்த மனிதர்களிடம் அந்தப் பகுதி பெயருக்குத்தான் இருக்கிறது.

'விலங்குக்கு மாற்று இருந்தால் மாற்று, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை' என்ற கொள்கையை ரஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் 1959-லேயே முன்வைத்தார்கள். இன்று ஸ்டெம் செல்களில் இருந்து குட்டிப் பிட்யூட்டரி திசுக்களை வளர்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. ஆனால், கட்டி சுரக்கும் ஹார்மோனால் பிரஷர் ஏறுவதையும் எலும்பு தேய்வதையும் மனம் சோர்வதையும் ஒரு தட்டில் இருக்கும் திசு காட்டாது. அதற்கு முழு உடல் வேண்டும். அதனால்தான் இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* காரணமில்லாமல் முகமும் வயிறும் மட்டும் பெருப்பது, வயிற்றில் ஊதா நிற அகலக் கோடுகள், தொடைத் தசை பலவீனம்... இவை சேர்ந்து வந்தால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள்.
* மோதிரம், செருப்பு அளவு நடுவயதில் பெரிதாகிக்கொண்டே போனால் அதையும் சொல்லுங்கள்.
* ஸ்டீராய்டு மருந்துகளை நீண்ட நாள் எடுத்தாலும் இதே அறிகுறிகள் வரும். அதற்காக மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.
* வயதான நாய் வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடித்தால், கிண்ணத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்று குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு எதுவாகவும் இருக்கலாம், பரிசோதனைதான் சொல்லும்.

'வயசாயிடுச்சு' என்பதும் 'குண்டாயிட்டே' என்பதும் நோயின் பெயர் இல்லை. நாயால் வாய் திறந்து சொல்ல முடியாது. சொல்ல முடிந்த மனிதர் சொல்லும்போதாவது நாம் காது கொடுத்துக் கேட்கலாமே!