பழகு பலகையும் காவற் கருவியும்

மலைச்சரிவில் ஓர் எச்சரிக்கைக் கருவியை நிறுவுகிறோம் என வைத்துக்கொள்வோம். மழை வலுக்கையில் மண்ணுக்குள் நீரழுத்தம் ஏறுவதை அது அளந்து அறிவிக்க வேண்டும். அதனுள்ளே, மாணவர் பழகும் மலிவான மின்னணுப் பலகையையே வைத்து விற்கலாமா?

இவ்வினா வெறும் பொழுதுபோக்கன்று. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இடுக்கி மாவட்டத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டக் குடியிருப்பைச் சேர்ந்த 70 பேர் மாண்டனர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தமையால் செய்தி மறுநாட் காலையிலேதான் வெளியே எட்டியது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, மூணாறு அந்தோணியார் காலனியில், அமிர்தா பல்கலைக்கழகத்தார் நிலத்தைத் துளையிட்டு உணர்விகளை இறக்கிக் கண்காணிக்கலாயினர். ஆராய்ச்சிக்கென ஆயத்தமாக விற்கப்பட்ட கம்பியில்லாச் சிற்றலகுகளை எடுத்துக்கொண்டு, உணர்விகளை அவற்றோடு இணைக்கும் பலகையைத் தாமே வடிவமைத்தனர்.

பழகு பலகைகளில் பெயர்பெற்றது, 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில் தோன்றிய ஆர்டுயினோ. அதனை விற்பனைக் கருவியில் வைப்பதை உரிமம் தடுப்பதில்லை. கருவியின் வரைபடத்தை வெளியிடவேண்டிய கட்டாயமும் இல்லை. பலகையின் வரைபடத்தைத் திருத்தி வழங்குவோர், அத்திருத்தத்தையும் அதே உரிமத்தில் வழங்கவேண்டும். ஆர்டுயினோ என்னும் பெயரை அனுமதியின்றித் தம் சரக்குக்குச் சூட்டலாகாது.

இடர் வேறிடத்தில் இருக்கிறது. ஆர்டுயினோ ஊனோ, வேலையின்றி இருக்கும்போதும் ஏறத்தாழ 45 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை உண்ணும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் ஆறரை நாளில் தீர்ந்துவிடும். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் உறுப்பு, எஞ்சிய 7 வோல்ட்டை வெப்பமாகவே வீணாக்குகிறது. தென்மேற்குப் பருவத்தில் மேகம் பல நாள் கவிந்திருக்க, சூரியத் தகடு எங்ஙனம் ஈடுசெய்யும்? கருவி தேவைப்படும் மழையிலேயே அது கண்மூடிவிடும். பாலக்காட்டிலோ கோடை வெயில் 40 பாகையைக் கடப்பதுண்டு. மூடிய பெட்டிக்குள் வெப்பம் இன்னும் மிகும். வெப்பம் ஏற ஏற மின்தேக்கிகளின் ஆயுள் குறையும். செருகி எடுக்கும் இணைப்புகளோ, ஈரத்தாலும் அதிர்வாலும் தளரும்.

ஆகவே நாம் கொள்ளத்தக்க வழி இது: பழகு பலகையில் எண்ணத்தைச் சோதித்தறிக. பின்னர் அதே சில்லைத் தனிப் பலகையில் அமைத்திடுக. வேலையற்ற நேரத்தில் சில்லை உறங்கவிட்டால், மில்லி ஆம்பியர் மைக்ரோ ஆம்பியராகக் குறையும். இணைப்புகளைப் பற்றவைத்து, ஈரம் புகாப் பூச்சும் இடுக. நிரல் நின்றுபோனால் தானே மீளத் தொடங்கச் செய்யும் காவற்கடிகாரம் சில்லினுள்ளேயே உண்டு. அதை இயக்கிவைக்க மறவற்க.

பத்துக் கருவிகளே வேண்டுமெனின், புதுப் பலகை வரையும் செலவு கட்டாமற் போகலாம். அப்போது தொழிற்சாலைக்கென ஆக்கப்பட்ட சிறு பலகைகளை நாடலாம். 2014இல் வந்த ராஸ்பெர்ரி பை கணிப்பு அலகு அவ்வகையினது. எதைத் தேர்ந்தாலும், ஒரு பருவமழை முழுவதும் வெளியில் நின்று உழைத்த பின்னரே அதனை நம்பி மக்கள் உறங்கலாம்.