மேஜையைத் தட்டினால் போதுமா?

மாதிரி நாடாளுமன்றத்தில் வெளியுறவு விவாதம்: மாணவர்கள் மனப்பாடத்தைத் தாண்ட வேண்டிய இடம்

சபாநாயகர் நுழைகிறார், அவை எழுந்து நிற்கிறது. உறுதிமொழி, இரங்கல் குறிப்பு, கேள்வி நேரம், அயல்நாட்டு நாடாளுமன்றக் குழுவுக்கு வரவேற்பு எல்லாமே கச்சிதம். வெளியுறவு அமைச்சரும் தடுமாறாமல் பதில் சொல்கிறார். அமைச்சருக்கு வயது பதினாறு. பதில், ஆசிரியர் எழுதிக் கொடுத்தது.

நாடெங்கும் பள்ளிகளில் காணக்கூடிய காட்சி இது. நாடாளுமன்ற விவகார அமைச்சகத்தின் இளைஞர் நாடாளுமன்றப் போட்டி 1966-67இல் தில்லிப் பள்ளிகளில் தொடங்கியது. 1988இல் கேந்திரிய வித்யாலயாக்களுக்கும், பின்னர் நவோதயா பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. சுமார் ஐம்பது மாணவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் அவை நடவடிக்கை முழுவதையும் நடத்திக் காட்ட வேண்டும். மதிப்பெண் உண்டு என்பதால் மனப்பாடத்துக்கே மவுசு. குடிநீர், சாலை என்றால் சொந்த அனுபவமாவது கைகொடுக்கும். வெளியுறவில் அதுவும் இல்லை. விளைவு: அண்டை நாட்டைச் சாடும் வீராவேசம், பலத்த மேஜை தட்டல்.

நிஜ அவை இதற்கு இடம் தருவதில்லை. நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடும் கேள்விக்கு மக்களவை நடைமுறை விதி 41 தடை போடுகிறது. கடுமையாகக் கேட்க வேண்டும், கண்ணியம் குறையாமல் கேட்க வேண்டும். பயிற்சியின் முதல் பாடம் இது.

இரண்டாவது பாடம், நாடாளுமன்றத்தின் எல்லை. அயல்நாட்டோடு ஒப்பந்தம் செய்வது பொதுவாக அரசின் அதிகாரம். அவையின் முன் ஒப்புதல் தேவையில்லை. ஆனால் நாட்டின் நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று 1960இல் பேருபாரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதனால்தான் 1974இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரகுமானும் செய்துகொண்ட எல்லை ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வர, 2015இல் நூறாவது திருத்தம் தேவைப்பட்டது.

வகுப்பறை விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் கிடைப்பது அரிது. இந்தியா கொடுத்தது 111 சிட்மகால்கள், சுமார் 17,160 ஏக்கர். பெற்றது 51, சுமார் 7,110 ஏக்கர். 'பத்தாயிரம் ஏக்கரைத் தாரை வார்த்தது ஏன்?' என்று எதிர்க்கட்சி மாணவி கேட்டால், அமைச்சர் என்ன சொல்வார்? அந்த நிலத்துண்டுகள் வங்கதேசத்துக்குள் தீவுகளாகச் சிக்கியவை. இந்திய அரசின் கை அங்கே எட்டவில்லை. அங்கு வாழ்ந்தவர்களுக்கு வாக்குரிமைகூட எட்டாக்கனி என்று அவர் விளக்க வேண்டும். அசாம் உறுப்பினராக அமர்ந்திருப்பவர் அதற்கும் மறுப்புச் சொல்வார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்பது அப்போதுதான் உறைக்கும். 2013இல் இந்த மசோதாவை எதிர்த்த பா.ஜ.க.வே, 2015இல் ஆட்சியிலிருந்து அதை நிறைவேற்றியது. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை.

மூன்றாவது, சொல். 2003 ஏப்ரலில் இராக் போர் பற்றிய மக்களவைத் தீர்மானத்தின் இந்தி வாசகத்தில் இருந்தது 'நிந்தா'. ஆங்கிலத்திலோ, எதிர்க்கட்சிகள் விரும்பிய 'கண்டெம்' இல்லை; சற்றே மென்மையான 'டிப்ளோர்'தான். கட்சிகள் உடன்பாட்டுக்கு வர ஒரு சொல்லை இப்படி நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மாணவர்களையே ஒரு தீர்மானம் எழுதச் சொன்னால் இந்தச் சிரமம் புரியும்.

ஆசிரியர் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆதாரங்களைக் கொடுக்கலாம், உரையைக் கொடுக்க வேண்டாம். துணைக் கேள்விகளை முன்கூட்டியே சொல்லாமல் விடலாம். ஒத்திகையில் ஒருநாள் ஆளுங்கட்சியையும் எதிர்க்கட்சியையும் இடம் மாற்றி உட்கார வைக்கலாம். அமைச்சர் திணறுவார், மதிப்பெண்ணும் சற்றுக் குறையலாம். ஆனால் வெளியுறவுக் கொள்கையைக் கேள்வி கேட்பவரைத் தேசத் துரோகி என்று அழைக்க, எதிர்வரிசையில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்த மாணவருக்கு அவ்வளவு சுலபமாக நாக்கு எழாது.