பத்துக்குப் பத்து அறையில் பாட்டு

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, மேலகரம், இலஞ்சிப் பக்கமெல்லாம் இப்போது புது வீடுகள். பால் காய்ச்சிக் குடியேறியதும் பலருக்கு அடுத்த ஆசை ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர். என் அத்தானும் வாங்கினார். கடையில் கேட்டபோது மயக்கிய அதே பெட்டிகள் வீட்டுக்கு வந்ததும் வேறு குணம் காட்டின. "ஏல மாப்ள, கடைல எஸ்.பி.பி. எதுக்க உக்காந்து பாடுத மாதிரி இருந்துச்சு. இங்க வார்த்தையே புரிய மாட்டேங்கு. ஆம்ப் சரியில்லையோ?"

"ஆம்ப கைவிடுங்கத்தான். ஹால் நடுவுல நின்னு ஒரு தட்டு கையத் தட்டுங்க" என்றேன்.

தட்டினார். கை இறங்கிய பிறகும் 'ஙிய்ங்' என்று ஓர் ஓசை எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஓடி ஓடித் தேய்ந்தது. ஒரு கைத்தட்டுக்கே இப்படியென்றால், மூன்று நிமிடப் பாட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் இந்த வால் முளைக்கும். முந்தைய சொல்லின் வால் அடங்குமுன் அடுத்த சொல் வந்து அதன்மேல் விழும். வார்த்தை புரியாததற்குக் காரணம் அவ்வளவுதான்.

இந்த வாலை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர் வாலஸ் சபைன். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடம் என்று புதிதாகக் கட்டிய கட்டடம். அதன் விரிவுரை அறையில் பேச்சு எவருக்கும் விளங்கவில்லை. 1895இல் அந்தத் தலைவலி இளம் இயற்பியல் ஆசிரியரான சபைனிடம் வந்தது. ஆர்கன் குழல் ஒன்றை ஒலித்து நிறுத்தினால் அந்த அறையில் ஓசை அடங்க ஐந்தரை வினாடி பிடித்தது. பக்கத்து சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து, அறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் வால் எவ்வளவு குறைகிறது என்று காதாலேயே அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பப் போய்விட வேண்டும்.

அந்த இரவுகளில் கிடைத்தது எளிய கணக்கு. அறையின் கன அளவு கூடினால் வால் நீளும். ஓசையை விழுங்கும் பரப்பு கூடினால் வால் குறுகும். விழுங்கும் திறனை அளக்க அவர் கடைசியில் எடுத்துக்கொண்ட அலகு, திறந்த சன்னல். சன்னல் வழியே வெளியே போன ஓசை திரும்பி வராது. ஆகவே ஒரு சதுர அடி திறந்த சன்னல் என்பது ஒரு சதுர அடி முழு விழுங்கல். மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டு மதிப்புப் போட்டார்.

அத்தான் ஹாலுக்கு அடுத்த அறையை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் பாதி அறைகள் இதே அளவு: பத்துக்குப் பத்து, பத்தடி உயரம். கன அளவு 1,000 கன அடி. தரை, கூரை, நான்கு சுவர் எல்லாம் சேர்த்து 600 சதுர அடி. தரையில் வழவழப்பான டைல்ஸ், சுவரில் பட்டி பார்த்து பெயின்ட், மேலே கான்கிரீட். இவை தம்மேல் விழும் ஓசையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் விழுங்கும். தாராளமாக மூன்று பங்கு என்றே வைத்துக்கொண்டாலும் 600 சதுர அடிச் சுவரும் தரையும் சேர்ந்து 18 சதுர அடி சன்னலுக்குத்தான் சமம். அடிக் கணக்கில் சபைனின் சூத்திரப்படி, கன அளவை 0.049ஆல் பெருக்கி விழுங்கும் பரப்பால் வகுக்க வேண்டும். 49ஐ 18ஆல் வகுத்தால் 2.7 வினாடி. அறைக்குள் ஓர் ஆள் உட்கார்ந்தால் ஏறக்குறைய 5 சதுர அடி சேரும், 2.1 வினாடிக்கு இறங்கும். வீட்டில் பாட்டுக் கேட்க அரை வினாடியோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருந்தால் போதும்.

இனி சன்னலைத் திறப்போம். நாலுக்கு நாலு சன்னல் இரண்டு. கதவு போட்ட பழைய சன்னலானால் இரண்டும் சேர்ந்து 32 சதுர அடி, வால் 0.9 வினாடிக்குச் சுருங்கிவிடும். ஆனால் இப்போது எல்லோரும் போடுவது ஸ்லைடிங். ஒரு கண்ணாடியைத் தள்ளினால் அது மற்றதன் பின்னால் போய் நிற்கும்; எப்போதும் பாதிதான் திறக்கும். 16 சதுர அடிதான் கிடைக்கும்; வால் 1.3 வினாடியில் நின்றுவிடும். அந்தப் பாதியும் சாரல் காலத்தில் மூடித்தான் கிடக்கும். ஜூன் மாதம் தென்மேற்கிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று அறைக்குள் புகுந்தால் சுவர், துணி, ஸ்பீக்கர் எல்லாம் பூத்துப்போகும். பாட்டுக் கேட்க மனம் கேட்கும் காலத்தில்தான் நம் அறைகள் மிக மோசமாக ஒலிக்கின்றன.

பழைய வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. தார்சா, பட்டாசல், அடுத்து வானவெளி, இரண்டாங்கட்டு என்று நீளும் தென்காசித் தெரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஆறுக்கு எட்டு வானவெளி என்றால் 48 சதுர அடிக்கு மூடவே முடியாத சன்னல், அதுவும் தலைக்கு மேலே. ஓட்டுக்கூரையின் இடுக்குகளில் இன்னும் கொஞ்சம் தப்பிப் போகும். மரத்தூண்களும் சாய்ந்த கூரையும் மிச்ச ஓசையை ஒரே திசையில் திருப்பாமல் சிதறடிக்கும். ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் நண்பர்களைக் கூட்டிக் கம்பனைப் படித்துக் காட்டியது வீட்டுத் தொட்டிக்கட்டில். வட்டத்தொட்டி என்ற பேர் தமிழ்நாடு முழுக்கப் பரவியது அங்கிருந்துதான். பிற்பாடு அவர் குற்றாலத்தில் குடியிருந்தபோது ராஜாஜியும் கல்கியும் தேடி வந்து கேட்டார்கள். செய்யுளை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறவருக்கு முற்றத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒவ்வொரு சீரும் தனித்தனியாக வந்து சேரும்.

அதற்காக நீண்ட வால் எல்லாமே கெடுதல் என்றில்லை. பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் கல்மண்டபத்தில் ஓதுவார் ஒரு விருத்தத்தை இழுத்துப் பாடினால், அந்தக் கல்லே கூடச் சேர்ந்து பாடும். அங்கேயே மைக் பிடித்து வேகமாக அறிவிப்புச் சொன்னால் ஒரு சொல்லும் பிடிபடாது. பாட்டுக்கு ஏற்ற இடம், இடத்துக்கு ஏற்ற பாட்டு. ஒலிப்பதிவில் ஸ்டுடியோக்காரர்கள் தேவையான வாலை அளந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். அதன்மேல் நம் அறை இன்னொன்றை ஒட்டுவதுதான் கோளாறு.

"சரி மாப்ள, வார்த்தை புரியாததுக்கு இது. பாடுதவரு நடுவுல இல்லாம எங்கெயோ இருக்காரே, அது ஏன்?"

உண்மையில் நடுவில் ஒன்றுமே இல்லை. இடப்பக்கம் ஒரு பெட்டி, வலப்பக்கம் ஒரு பெட்டி, இடையில் வெறும் சுவர். ஓசை எங்கிருந்து வருகிறது என்பதைக் காது இரண்டு தடயங்களால் கண்டுபிடிக்கிறது. பக்கவாட்டிலிருந்து வரும் ஓசை ஒரு காதுக்கு முந்தியும் மறு காதுக்குப் பிந்தியும் சேரும். அதிகபட்ச வித்தியாசமே வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதோடு, நடுவிலிருக்கும் தலை மறைப்பதால் கீச்சு ஓசைகள் தூரத்துக் காதில் சற்று மெலிந்து விழும். இரு பெட்டியிலிருந்தும் ஒரே குரல், ஒரே அளவில், ஒரே நேரத்தில் வந்தால் இந்த இரண்டு வித்தியாசமும் இல்லாமல் போகும். அப்படியானால் ஆள் நேரெதிரே இருக்கிறார் என்று மூளை முடிவு கட்டிவிடும். இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் 1931 டிசம்பரில் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் அடிப்படையே இதுதான். தமிழ்ப் படப்பாட்டில் ஸ்டீரியோ பதிவுக்கு முன்னோடியாக இளையராஜாவின் 'பிரியா' வந்தது 1978இல்.

நம் பக்கத்துக் கொடை விழாவில் இதை நேரிலேயே சோதிக்கலாம். வில்லுப்பாட்டு மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கண்ணை மூடினாலும் குடம் எங்கே, உடுக்கு எங்கே என்று சுட்டிக் காட்டிவிடலாம். நாலு வீடு தள்ளிப் போனால் குடமும் உடுக்கும் புலவர் குரலும் எல்லாம் ஒரே கம்பத்துக் குழாயிலிருந்து வரும். கதை புரியும், ஆள் இருக்கும் இடம் தெரியாது.

வீட்டுக்குள் இந்த ஏற்பாட்டைக் கலைப்பது பக்கத்துச் சுவர். பத்தடி அகல அறையில் பெட்டிகளை ஐந்தடி இடைவெளியில் வைத்து, இரண்டிலிருந்தும் ஐந்தடி தள்ளி உட்காருகிறோம் என்று வைப்போம். நேர் ஓசை ஐந்தடி வரும். பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் ஓசை எட்டரை அடிக்கு மேல் நடந்து, ஆயிரத்தில் மூன்று பங்கு வினாடி பிந்தி வரும். ஹெல்முட் ஹாஸ் 1949இல் காட்டியபடி, இவ்வளவு சிறிய தாமதத்தைக் காது எதிரொலியாகப் பிரிப்பதில்லை. முதலில் வந்ததன் திசையையே நம்பி, பிந்தி வந்ததை அதோடு கலந்துவிடும். கலப்பதால்தான் குரலின் ஓரங்கள் மங்கிப்போகின்றன. இரு பக்கமும் சுவர் ஒரே மாதிரி இருந்தால் மங்கலாவது நடுவில் நிற்கும். அத்தான் வீட்டில் இடது பெட்டி மூலையில் ஷோகேஸை ஒட்டி இருந்தது. வலது பெட்டி அடுக்களைக்குப் போகும் திறந்த வழியின் ஓரத்தில். பாடகர் மூலைக்கு ஒதுங்காமல் என்ன செய்வார்? நாலாபுறமும் இப்படித் திரும்பும் ஓசை மிகுந்துவிட்டால், பேரருவிக்குக் கீழே நிற்பவரைக் கூப்பிட்ட கதைதான்; சத்தம் உண்டு, திசை இராது.

இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். ஐம்பது அறுபதுகளின் பாட்டு ஒன்றைப் போடுங்கள்; பின்னாளில் ஸ்டீரியோ ஆக்கிய பதிப்பு வேண்டாம், பழைய மோனோவே வேண்டும். இரு பெட்டியிலும் ஒரே சமாசாரம் வருவதால் டி.எம்.எஸ். குரல் சரியாக நடுவில், ஒரு முழத்துக்குள் நிற்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் இடவமைப்பில் கோளாறு. எங்கும் நிற்காமல் மிதந்து, பேஸும் காணாமல் போனால் ஒரு பெட்டியில் சிவப்பு, கறுப்பு வயர்களை மாற்றிச் செருகியிருக்கிறார்கள்.

பேஸ் விஷயம் தனி. 57 ஹெர்ட்ஸ் ஓசையின் அலை நீளம் ஏறக்குறைய இருபதடி. அதில் பாதி பத்தடிச் சுவர்களுக்கு நடுவே கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சுருதியை மட்டும் அறை தூக்கிக் கொடுக்கும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ், பக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் தந்தியை மீட்டும்போதெல்லாம் 'தொம்' என்று அறையே முழங்கி, அடுத்த தந்திக்கு ஒன்றுமில்லாமல் போகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியானால் மூன்றும் ஒரே சுருதியில் கைகோத்துக்கொள்ளும். சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்தால் முழக்கம் அதிகம். அறையின் நட்டநடுவில் பேஸ் வற்றிவிடும். முதுகுச் சுவரிலிருந்து மூன்றடி நாலடி முன்னே நாற்காலியை நகர்த்துவது நல்லது.

இனி செய்ய வேண்டியவை. முதலில் பெட்டிகளை மூலையிலிருந்து விடுவித்து, பின்சுவரிலிருந்து ஒன்றரை இரண்டடி முன்னே, இருபுறமும் ஒரே தூரத்தில், காது உயரத்தில் வையுங்கள். லாஃப்ட் மேலேயோ பீரோ மேலேயோ வேண்டாம். நீங்கள் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் ஒருவரை முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் ஒட்டினாற்போல் நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் பெட்டி தெரியும் இடம்தான் ஓசை பட்டுத் திரும்பும் இடம். அங்கே மடிப்பு மடிப்பான கனத்த திரையோ, ஏற்ற இறக்கமாக அடுக்கிய புத்தக அலமாரியோ இருந்தால் போதும். தரையில் ஜமுக்காளம் விரித்தால் கீச்சு அடங்கும். இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் நடுத்தரச் சுருதிகளும் பேஸில் கொஞ்சமும் அடங்கும். கட்டில், மெத்தை, துணி, ஆள் எல்லாம் சேர்ந்து நூறு சதுர அடியைத் தொட்டால் அந்தப் பத்துக்குப் பத்து அறையின் வால் அரை வினாடிக்கு வந்துவிடும். சன்னல் மூடியிருந்தாலும் கவலையில்லை. முட்டை அட்டை ஒட்டுவது வீண். ஓர் அங்குல ஃபோம் மட்டும் ஒட்டினால் கீச்சு செத்து, 'தொம்' அப்படியே நிற்கும்.

இன்னும் வீடு கட்டாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளான் போடும்போதே எந்த அறையில் பாட்டுக் கேட்பீர்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லுங்கள். பத்தடி உயரத்துக்குப் பன்னிரண்டடி அகலம், பதினாலடி நீளம் என்று மூன்றையும் வேறு வேறாக வைத்தால் பேஸ் சுருதிகள் 57, 47, 41 என்று பிரிந்துபோகும். ஒரு சன்னலையாவது ஸ்லைடிங் இல்லாமல் முழுக்கத் திறக்கிற கதவு போட்டதாகக் கேளுங்கள். ஸ்பீக்கரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சுவரை ஒரு தடவைதான் எழுப்புவோம்.