வெல்டிங் பட்டறைப் பாதுகாப்பு: சந்தேகங்களும் விளக்கங்களும்

தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் குறித்த மத்திய அரசின் சட்டத் தொகுப்பு (2020), கடந்த 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. கிரில் கேட், ஷட்டர், மாடிக் கைப்பிடி செய்யும் சிறு பட்டறைகள் உள்ள திருவண்ணாமலையில், தீபத் திருவிழாவுக்குத் தடுப்புகளும் கொட்டகைகளும் போடப்படும் நாள்களில் வெல்டிங் வேலை சாலையோரத்துக்கே வந்துவிடுகிறது. இந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தும், வேலையில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது குறித்து எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள்:

உரிமையாளரும் இரண்டு உதவியாளர்களும் மட்டுமே உள்ள பட்டறைக்குப் புதிய சட்டம் பொருந்துமா?

பொதுவாகப் பொருந்தாது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களே இதன் வரம்புக்குள் வரும். மின்சாரத்தில் இயங்கும் இடம் 'தொழிற்சாலை' எனக் கருதப்பட முன்பு 10 பேர் போதும். இப்போது 20 பேர் தேவை. உயிருக்கு ஆபத்தான பணி என மத்திய அரசு அறிவிக்கை வெளியிடும் தொழில்களுக்கு மட்டும் இந்த எண்ணிக்கை வரம்பு கிடையாது.

சட்டம் பொருந்தும் இடத்தில் கவசம், கையுறைக்கான பணத்தைக் கூலியில் பிடிக்கலாமா?

பிடிக்கக் கூடாது. பாதுகாப்புக்காகச் செய்யப்படும் எந்த ஏற்பாட்டுக்கும், மருத்துவப் பரிசோதனைக்கும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவதைச் சட்டம் தடை செய்கிறது. பணி நியமனக் கடிதம் கட்டாயம். 40 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை செய்ய வேண்டும். விதிமீறலால் உயிரிழப்பு நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

அப்படியானால் சிறு பட்டறையில் விபத்து நடந்தால் இழப்பீடே கிடையாதா?

உண்டு. பாதுகாப்புச் சட்டம் வேறு, இழப்பீட்டுச் சட்டம் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் இந்தக் குழப்பம். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றுள்ள விதிகளின்படி, மின்சாரம் பயன்படுத்தும் பட்டறையில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் உரிமையாளருக்குப் பொறுப்பு உண்டு (இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருப்பவர்களுக்கு அதன் வழியே பலன் கிடைக்கும்). மற்றொரு கண் நன்றாக இருந்து, ஒரு கண்ணின் பார்வை மட்டும் பறிபோனால் வருவாய் ஈட்டும் திறனில் 30 சதவீத இழப்பாகவும், அந்தக் கண்ணையே இழந்தால் 40 சதவீத இழப்பாகவும் கணக்கிடப்படும்.

கிரைண்டரின் கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்தால் இழப்பீடு பாதிக்கப்படுமா?

பாதிக்கப்படலாம். பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளி தெரிந்தே கழற்றியதால் காயம் ஏற்பட்டதாக நிரூபிக்கப்பட்டால் உரிமையாளர் பொறுப்பிலிருந்து விலக முடியும். உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் மட்டும் இந்த விலக்கு செல்லாது. சட்டம் ஒருபுறம் இருக்க, வெட்டும் வீல்களுக்கு அனுமதிக்கப்பட்ட விளிம்பு வேகம் விநாடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கி.மீ.; வீல் உடைந்தால் சில்லு அந்த வேகத்தில்தான் பாயும்.

வீலில் அச்சிட்டுள்ள தேதி எதற்கு?

அது காலாவதித் தேதி. வீலின் துகள்களைப் பிணைக்கும் பிசின் நாளாக ஆக வலுவிழப்பதால், தயாரித்த நாளிலிருந்து அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். 4 அங்குல கிரைண்டரில் கார்டைக் கழற்றி 5 அங்குல வீலை மாட்டும் வழக்கமும் ஆபத்தானது.

வெல்டிங் வெளிச்சத்தைச் சில விநாடி பார்த்தவருக்கு இரவில் கண் உறுத்துவது ஏன்?

வெல்டிங் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்படலத்தைச் சுட்டுவிடுகிறது. பார்த்தபோது ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே மணல் விழுந்ததுபோன்ற உறுத்தலும் கண்ணீரும் தொடங்கும். வழக்கமாக 1 அல்லது 2 நாளில் சரியாகும். தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு விடுவது கிருமித் தொற்றுக்கு வழிவகுக்கும் என்பதால் தவிர்க்க வேண்டும். கிரிவலப் பாதை போன்ற நடமாட்டம் மிகுந்த இடங்களில் தகரமோ தடித்த திரையோ கட்டி மறைக்காமல் வெல்டிங் செய்தால், வழிப்போக்கர்களுக்கும் இதே பாதிப்புதான்.

சாதாரணக் கூலிங் கிளாஸ் போதுமா?

போதாது. 100 முதல் 150 ஆம்பியர் வரையிலான வெல்டிங்குக்கு 10 அல்லது 11-ஆம் எண் கருப்புக் கண்ணாடி தேவை. கேஸ் கட்டிங்குக்கு 3 முதல் 5 வரை எண் கொண்ட கண்ணாடி போதும். கண்ணாடியின் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

ஆர்.சி.சி.பி. பொருத்தியிருந்தால் ஷாக் அடிக்காதா?

மெயின் லைன் பக்கம் கசிவு ஏற்பட்டால் அது இணைப்பைத் துண்டிக்கும். ஆனால் ஹோல்டரும் எர்த் கிளாம்பும் இருக்கும் பக்கத்தை டிரான்ஸ்ஃபார்மர் தனியே பிரித்துவிடுவதால், அங்கு ஏற்படும் கசிவு அதற்குத் தெரியாது. அங்குள்ள 50 முதல் 80 வோல்ட் குறைவாகத் தோன்றினாலும், வியர்வையிலோ மழையிலோ நனைந்த உடலில் உயிரைப் பறிக்கக்கூடும். உலர்ந்த கையுறை, ரப்பர் அடிப்பாகமுள்ள காலணி, உடையாத ஹோல்டர் ஆகியவையே அங்குப் பாதுகாப்பு.

கேஸ் கட்டிங்குக்கு வீட்டு சமையல் சிலிண்டரைப் பயன்படுத்தலாமா?

கூடாது. 14.2 கிலோ வீட்டு உபயோக சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது, அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்கீழ் குற்றம். அசிட்டிலீன் சிலிண்டர் (அரக்கு நிறம்) எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரின் (கருப்பு) வால்விலோ ரெகுலேட்டரிலோ எண்ணெய், கிரீஸ் பட்டால் தானாகவே தீப்பற்றும் என்பதால் எண்ணெய்க் கையோடு தொடக் கூடாது.

காலி டீசல் டிரம்மை வெட்டுவதில் என்ன ஆபத்து?

நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் ஆபத்தானது. உள்ளே தங்கிய ஆவி காற்றுடன் கலந்து, பொறி பட்டதும் வெடிக்கும். மூடியைத் திறந்து வைப்பது மட்டும் போதாது.

தீப்பொறி எவ்வளவு தூரம் போகும்?

எல்லாப் பக்கமும் சுமார் 11 மீட்டர் தூரத்துக்குள் எரியும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது உலகளவில் பின்பற்றப்படும் கணக்கு. 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் விமான நிலையத்தில், மேல்தளச் சாலையில் நடந்த வெல்டிங்கின் பொறி இணைப்பு இடுக்கு வழியே விழுந்து, கீழே கூரைக்குள் இருந்த தெர்மகோலைப் பற்றவைத்ததில் 17 பேர் உயிரிழந்தனர். தென்னங்கீற்றுப் பந்தலின் அருகே பொறி விழுந்தால் தீ இன்னும் வேகமாகப் பரவும். வேலை முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் ஒருவர் அங்கே காத்திருந்து பார்க்க வேண்டும். தீயணைப்புத் துறைக்கான எண் 101.

ஜி.ஐ. பைப் வெல்டிங் செய்த இரவில் குளிர்காய்ச்சல் வருவது ஏன்?

துத்தநாகப் பூச்சு எரிந்து எழும் வெண்புகையைச் சுவாசிப்பதே காரணம். 1 அல்லது 2 நாளில் தணிந்துவிடும். பால், வெல்லம், வாழைப்பழம் எதுவும் நுரையீரலுக்குள் போன புகையை வெளியேற்றாது. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என 2017-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருப்பதால், காற்றோட்டமான இடமும் உரிய முகக்கவசமும் அவசியம். முகத்தில் கட்டும் துண்டு இந்தப் புகையைத் தடுக்காது.

சொந்தப் பட்டறை நடத்துபவருக்கு யார் இழப்பீடு தருவார்கள்?

தனக்குத் தானே முதலாளி என்பதால் சட்டப்படி யாரும் தர மாட்டார்கள், காப்பீடுதான் வழி. வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையிலானோர் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.20 செலுத்திச் சேரலாம். விபத்தில் உயிரிழந்தாலோ இரு கண் பார்வையும் போனாலோ ரூ.2 லட்சம், ஒரு கண் பார்வை நிரந்தரமாகப் போனால் ரூ.1 லட்சம் கிடைக்கும். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை என்பதால், மே மாத இறுதியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பீடு தொடராது.