மனையும் அதனைப் பேணும் முறையும்



'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணம் பண்ணிப் பார்' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. கல்யாணம் பண்ணிப் பார்த்தவன், வீட்டைக் கட்டாமல் விலைக்கு வாங்கிப் பார்த்தவன் என்ற முறையில், அப்பழமொழியில் ஒரு குறை உண்டென்று எனக்குத் தோன்றுகிறது. கட்டிப் பார்க்கச் சொன்ன முன்னோர், கட்டியதைக் காத்துப் பார்க்கவும் சொல்லியிருக்கலாம். கட்டுவதற்கு ஓராண்டு முயற்சி போதும். காப்பதற்கோ ஆயுள் முழுவதும் கவனம் வேண்டும்.

'நாங்கள் படிக்கின்ற பிள்ளைகள்; வீட்டைப் பற்றி எங்களுக்கு என்ன?' என்று நீங்கள் கேட்கக் கூடும். இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உங்களுள் பலர் ஒரு வீட்டை வாங்குவீர்கள், அல்லது பெற்றோரிடமிருந்து பெறுவீர்கள். உருளையின் கன அளவைக் காண முப்பதாண்டுக் காலம் வகுப்பில் கற்பித்திருக்கிறேன். சுவரில் தோன்றும் ஈரக்கறையின் பொருளைக் காண ஒருநாளும் கற்பித்தேனில்லை. அக்கடனைத் தீர்க்கவே இப்பேச்சு.

இப்பாடத்திற்கு எங்கள் பகுதியைக் காட்டிலும் நல்ல பாடநூல் வேறில்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் முதலிய ஊர்களில் நகரத்தார் எழுப்பிய பெருமனைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் ஈட்டிய செல்வம் இங்கே தேக்காகவும் சுண்ணாம்பாகவும் வந்து நின்றது. பார்ப்பவர்கள் செதுக்கு வேலையையும் தூண்களையும் கண்டு வியக்கிறார்கள். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது வேறு: அவ்வீடுகளில் ஒவ்வோர் உறுப்பும் ஒரு வேலையைச் செய்வதற்காக அமைந்தது.

தெருவிலிருந்து படியேறினால் முகப்பும் திண்ணையும், அதன்பின் பட்டாலை, அதனைக் கடந்தால் வானம் பார்த்த வளவு, வளவைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும், பின்னர் இரண்டாங்கட்டு, இறுதியில் அடுப்படியும் பின்வாசலும். தரை தெருவைவிட நன்கு உயர்ந்திருக்கும். ஆகவே வெள்ளம் உள்ளே வாராது. வெப்பமான காற்று இலேசாகி மேலெழுந்து வளவின் வழியே வெளியேற, குளிர்ந்த காற்று அறைகளினூடே வந்து அவ்விடத்தை நிரப்பும். நான்கு புறக் கூரையும் உட்புறம் சரிந்திருப்பதால் மழைநீர் வளவில் இறங்கும். அதனை அண்டாக்களிலும் கிடாரங்களிலும் பிடித்து வைத்தார்கள். எஞ்சியதைக் கிணற்றுக்கும் ஊருணிக்கும் செல்ல விட்டார்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைச் சட்டம் கட்டாயமாக்கியது 2003ஆம் ஆண்டில். இவ்வறட்சிப் பகுதியில் அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே தேவை அதனைக் கட்டாயமாக்கிவிட்டது. கணக்கு எளிது. 100 சதுர மீட்டர் பரப்புள்ள கூரையின்மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது 1,000 லிட்டர் நீர்.

அறிந்து கட்டிய இத்தகைய வீடுகளும் ஏன் இடிகின்றன? இதற்கு விடையாக, என் பிழை ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் உதவி ஆசிரியனாக இருந்த 1980களில், காரைக்குடிக்கு அருகிலுள்ள ஓர் ஊரில் வாடகை வீட்டில் குடியிருந்தேன். எதிரே இரண்டு கட்டு வீடு ஒன்று. பங்காளிகள் சென்னையிலும் கடல் கடந்தும் வாழ்ந்தார்கள். அங்கே தனியே இருந்த ஆச்சி ஒருவர், மகனுடன் வசிக்கச் சென்னைக்குப் புறப்பட்டபோது என்னிடம் சாவியைத் தந்தார். "வாத்தியாரய்யா, மாசம் ஒருக்கா திறந்து காத்தாட விடுங்க. எங்கேயாச்சும் ஒழுகுச்சுன்னா ஒரு கார்டு போடுங்க" என்றார். "சரிங்க ஆச்சி" என்று வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டு ஆவணியில், இரண்டாங்கட்டு மூலையில் உள்ளங்கை அளவு ஈரக்கறை ஒன்றைக் கண்டேன். மேலே ஓர் ஓடு நழுவியிருந்தது. ஏணியும் ஓர் ஆளும் இருந்தால் அரை நாள் வேலை. காலாண்டுத் தேர்வு நெருங்கியிருந்தது. விடைத்தாள்களைத் திருத்தி முடித்ததும் கடிதம் எழுதலாம் என்று நினைத்தேன். திருத்தி முடித்தேன், கடிதத்தை மறந்தேன். ஐப்பசி மழை தொடங்கியது. அந்த ஓட்டின் வழியே இறங்கிய நீர் சட்டத்தை நனைத்தது. நனைந்த சட்டம் சுமையைத் தாங்காமல் வளைந்தது. அதனால் பக்கத்து ஓடுகளும் நழுவின. கார்த்திகையில் ஓர் இரவு பெருஞ்சத்தம் கேட்டு ஓடினேன். மூலைக்கூரை விழுந்து, சுவரும் பிளந்திருந்தது.

செய்தி சென்றது. அவ்வீட்டிற்குப் பதினான்கு பங்குகள். செலவு செய்ய முன்வந்த ஒருவருக்கு மற்றவர்களின் இசைவு வரவில்லை. இசைந்தவர்கள் பணம் தரவில்லை. இரண்டாண்டு கழித்து வீடு பிரிக்கப்பட்டது. நிலையும் கதவும் தூணும் எடைக்கும் விலைக்கும் போயின. ஆச்சி வந்து வெறும் மனையைப் பார்த்தார். நான் தலைகுனிந்து நின்றேன். "நீங்க என்ன செய்வீக வாத்தியாரய்யா, பதினாலு பேரு பார்த்துக்கிறலை" என்றார். பின்பு, "அந்தச் சாவியைக் கொடுங்க" என்று கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அவர் என்னைக் குறைகூறவில்லை. ஆனால் ஒரு கார்டு எழுதியிருந்தால் அவ்வாண்டேனும் அவ்வீடு நின்றிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் உள்ளன. வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் நீர் என்பது ஒன்று. பலர் உரிமையுள்ள இடத்தில் பொறுப்பு ஒருவர் பெயரில் இல்லாவிடில் அது யாருக்கும் இல்லை என்பது மற்றொன்று.

முதலில் பேணும் முறையைக் கூறுகிறேன். ஆண்டுக்கு நான்கு முறை வீட்டைச் சுற்றிப் பாருங்கள். சித்திரையில் ஓட்டை மாற்றி அடுக்குக. ஒட்டுத் தளமாயின் விரிசலை அடைக்க. ஆடியில் சருகு அடைத்த தூம்புகளைத் துப்புரவு செய்க. புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்குமுன், இறுதியாகச் சோதிக்க. தையில் வெள்ளையடித்து, மழை விட்டுச்சென்ற கறைகளைக் குறித்துக்கொள்க. கறையை வண்ணம் பூசி மறைப்பது, காய்ச்சற்காரனுக்குப் புதுச்சட்டை அணிவிப்பது போன்றது. நீர் வரும் வழியை முதலில் அடைக்க வேண்டும்.

பழைய சுண்ணாம்புச் சுவரைப் பழுது பார்க்கும்போது ஒரு வேதியியல் உண்மையை நினைவிற்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு நீங்குகிறது. நீற்றிச் சுவரில் பூசியபின், காற்றிலுள்ள அவ்வாயுவையே மெல்ல மெல்ல ஏற்று அது மீண்டும் கல்லாகிறது. செட்டிநாட்டுக் கொத்தர்கள் இச்சாந்தை நன்கு அரைத்துப் பல அடுக்காகப் பூசி, முட்டை வெண்கரு சேர்த்த மேற்பூச்சைத் தேய்த்து மெருகேற்றினார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் சுவரை அரிக்கும். ஆகவே சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே மருந்து.

ஆத்தங்குடிப் பூக்கல் பாவிய தரையும் அப்படித்தான். அது சூளையில் சுட்ட கல் அன்று. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுப்பது. சிமெண்டு காரத்தன்மை உடையது. அமிலத்தால் கழுவினால் கரையும். வெறும் நீரால் துடைத்து, எப்போதேனும் சிறிது தேங்காயெண்ணெய் தடவினால் போதும். காலடி படப்படப் பளபளப்பு மிகும். சுவரோரம் மண்கோடு தென்பட்டால் கறையான் வந்துவிட்டது என்று அறிக. கோட்டைக் கலைத்துவிட்டு ஓய்ந்துவிடாமல், அது எங்கிருந்து புறப்படுகிறது என்று தேடிக் கண்டு மருந்திடுக. எல்லாவற்றிற்கும் மேலாக, சன்னல்களைத் திறந்து வையுங்கள். காரைக்குடியில் 'ஆயிரம் சன்னல் வீடு' என்று மக்கள் வழங்கும் வீடு ஒன்றுண்டு. சன்னல்கள் ஆயிரமாயினும் அவற்றைத் திறக்க ஒரு கை வேண்டுமல்லவா?

இனி வாங்கும் முறை. வீட்டை ஒருமுறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். உச்சிவெயிலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, மழையில் ஒருமுறை பாருங்கள். 1990களில் நான் காரைக்குடியில் ஒரு சிறு வீடு வாங்கினேன். சித்திரை மாதத்து நண்பகலில் பார்த்து, காற்றோட்டம் நன்றென்று மகிழ்ந்து முன்பணம் கொடுத்தேன். ஐப்பசியில் தெருநீர் கூடத்திற்குள் வந்தது. சாலையைப் போட்டுப் போட்டு உயர்த்தியதால் தெரு மேலாகவும் வீடு கீழாகவும் ஆகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. விற்றவரைக் குறைகூறி என்ன பயன்? கண் எனக்கும் இருந்தது. வாசற்படியையும் தரையையும் உயர்த்த, சேமிப்பில் எஞ்சியிருந்தது முழுவதும் போயிற்று. அன்று முதல் பிறருக்கு நான் சொல்வது: கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள், பத்தில் ஒரு பங்கையேனும் பழுது பார்க்க ஒதுக்கி வையுங்கள்.

கட்டடத்தைப் போலவே பத்திரத்தையும் பார்க்க வேண்டும். மூலப்பத்திரங்களை வரிசையாகப் படியுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்று, பதிவான நடவடிக்கைகளைக் காட்டும். பதிவாகாத வாரிசுப் பங்கைக் காட்டாது. பட்டா வருவாய்த் துறையின் பதிவேடு. அது ஒன்றே முழு உரிமைக்குச் சான்றாகிவிடாது. பங்காளிகள் பலருள்ள வீட்டில் ஒருவர் பங்கை மட்டும் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோர் ஏமாறுகிறார்கள். பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வெளியார் வாங்கினால், மற்றவரோடு கூடி உள்ளே குடியிருக்கும் உரிமை அவருக்கு இல்லை என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு கூறுகிறது. அவர் பாகப்பிரிவினை கேட்டு வழக்கிட்டால், குடும்பத்தார் அப்பங்கை விலைக்குப் பெற்றுக்கொள்ள 1893ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. மூதாதையர் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்கு ஒப்பான பங்கு உண்டென்று 2005ஆம் ஆண்டில் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆதலால் 'பெண்பிள்ளைகள் கையெழுத்து வேண்டாம்' என்று யாரேனும் சொன்னால், ஒரு வழக்கறிஞரைக் கேளாமல் நம்பாதீர்கள்.

மூன்றாவது, ஒழுங்கு. பெரிய செட்டிநாட்டு வீட்டில், மணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை. கூடமும் வளவும் எல்லார்க்கும் பொது. எது தனி, எது பொது என்ற வரையறை இருந்தமையால் பலர் கூடி வாழ முடிந்தது. உங்கள் வீடு இரண்டே அறை கொண்டதாயினும் இவ்வரையறை பொருந்தும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓரிடம் வேண்டும். மின்சாரத்தின் தலைமை விசையும் சமையல் எரிவாயுவை மூடும் திருகும் எங்கே உள்ளன என்பது வீட்டிலுள்ள சிறுபிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். மின்கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும் கருவியைப் பொருத்துவதில் சிக்கனம் பாராதீர்கள்.

வணிகத்தில் தேர்ந்த நகரத்தார், சிட்டையும் பேரேடும் எழுதுவதில் வல்லவர்கள். அவ்வழக்கத்தை வீட்டிற்கும் கொண்டு வருவோம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். என்று வெள்ளையடித்தது, எங்கே ஒழுகியது, யார் பழுது பார்த்தார், என்ன செலவாயிற்று, குழாய் எவ்வழி செல்கிறது என்று எழுதி வையுங்கள். பங்குவீடாயின் முதற்பக்கத்தில் ஒருவர் பெயரைப் பொறுப்பாளராக எழுதி, ஆண்டுதோறும் எல்லாரும் பங்குக்கேற்பச் செலுத்தும் தொகையையும் குறியுங்கள். ஒழுகும்போது கூடிப் பேசுவதைவிட ஒழுகுமுன் கூடிப் பேசுவது எளிது.

2014ஆம் ஆண்டில் செட்டிநாட்டு ஊர்கள், உலக மரபுச் சின்னங்களுக்காக இந்தியா யுனெஸ்கோவிடம் அளித்த தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அது நமக்குப் பெருமையே. சில வீடுகள் தங்கும் விடுதிகளாகிப் பிழைத்திருக்கின்றன. பிரிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளையும் தூண்களையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருட் கடைகளில் காணலாம். ஆனால் எந்தப் பட்டியலும் ஏணி வைத்துக் கூரை ஏறாது. அது அவ்வீட்டாருடைய வேலை.

இப்பேச்சைக் கேட்டபின் நீங்கள் செய்ய வேண்டியது சிறியது. இன்று மாலை உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஒவ்வோர் அறையிலும் நின்று மேலே பாருங்கள். உள்ளங்கை அளவு கறை ஏதேனும் தென்பட்டால், தேர்வு முடியட்டும் என்று நினையாமல், அன்றே பெரியவர்களிடம் சொல்லுங்கள். நான் எழுதத் தவறிய கடிதத்தை நீங்கள் எழுதியதாக மகிழ்வேன்.