கையில் எடுத்து முட்டியில் போடும் ஊசி

தட்டணு என்றாலே நமக்கு டெங்கு நினைவுதான் வரும். எண்ணிக்கை சரிந்தால் வீடே பதறும். அதே தட்டணுவை ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரித்து, செறிவாக்கி, அவருடைய முழங்காலிலோ முழங்கையிலோ செலுத்துவதுதான் பி.ஆர்.பி. (தட்டணு செறிந்த பிளாஸ்மா) ஊசி. ரத்தத்தை உறையவைப்பது மட்டும் தட்டணுவின் வேலை இல்லை. அதற்குள் இருக்கும் நுண்பைகளில் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள் அடைபட்டிருக்கின்றன. காயம் பட்ட இடத்தில் அவை வெளியேறி, ஆற்றும் வேலையை முடுக்கிவிடும். இதய அறுவையிலும் தாடை எலும்பு அறுவையிலும் முதலில் புழங்கிய இந்த முறை, 2009இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஹைன்ஸ் வார்டு சூப்பர் பவுல் இறுதிப் போட்டிக்கு முன் முழங்காலில் போட்டுக்கொண்ட பிறகு ஊர் உலகமெல்லாம் பேசப்பட்டது.

இது கம்பெனியில் தயாராகி வரும் மருந்து அல்ல. ஊசிக்கு முந்தைய அரை மணி நேரத்தில், பக்கத்து அறையில் தயாராவது. அந்த அரை மணி நேரம் சரியாக அமையாவிட்டால், மூட்டுக்குள் போவது வெறும் மஞ்சள் தண்ணீர்தான்.

முதல் வேலை ஆளைத் தேர்ந்தெடுப்பது. நிற்க வைத்து எக்ஸ்ரே எடுக்கவேண்டும். படுத்தபடி எடுத்த படத்தில் முட்டியின் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது சரியாகத் தெரியாது. மூட்டுத் தேய்மானம் தொடக்கத்திலோ நடுக்கட்டத்திலோ இருந்தால் முயன்று பார்க்கலாம். எலும்போடு எலும்பு உரசும் நிலைக்கு வந்துவிட்டவருக்குப் பெரிய பலனை எதிர்பார்க்க முடியாது. உடம்பில் தொற்று இருப்பவர்கள், தட்டணுக் குறைபாடோ ரத்தப் புற்றுநோயோ உள்ளவர்கள் பக்கம் இந்த ஊசி போகவே கூடாது.

தேதி குறித்தபின் ஒரு வாரத்துக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். தட்டணுவைச் செயல்படவிடாமல் தடுப்பவை அவை. வலி தாங்காவிட்டால் பாராசிட்டமால் போதும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இதய மருத்துவரைக் கேட்டபிறகே எதுவும். பட்டினி கிடக்கத் தேவையில்லை, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் நரம்பு எளிதில் கிடைக்கும். காலையில் நெய்ப் பொங்கலும் வடையும் மட்டும் வேண்டாம். கொழுப்பு ஏறினால் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா கலங்கிப்போகும்.

அடுத்தது ரத்தம் எடுப்பது. இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருப்பது இயல்பு. இரண்டு லட்சம் என்று வைத்துக்கொண்டால், 30 மில்லி ரத்தத்தில் மொத்தம் 600 கோடி. முழங்காலுக்கு ஏறக்குறைய 1,000 கோடி தட்டணுக்கள் தேவை என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் 10 மில்லி குழாயில் எடுத்துக்கொண்டு போகிறவர் என்னதான் திறமைசாலியாக இருந்தாலும் அந்த அளவை எட்ட முடியாது. எத்தனை மில்லி எடுக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். எடுக்கும்போது அகலமான ஊசியால், இழுத்து உறிஞ்சாமல் நிதானமாக எடுக்கவேண்டும். அவசரப்பட்டால் தட்டணுக்கள் சிரிஞ்சுக்குள்ளேயே விழித்துக்கொண்டு தம் சரக்கைக் கொட்டிவிடும். உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்த குழாய்தான் வழக்கம்.

பிறகு சென்ட்ரிஃபியூஜ். முதல் சுற்று மெதுவானது, ஏறக்குறைய பத்து நிமிடம். சிவப்பணுக்கள் கனம் கூடியவை என்பதால் அடியில் இறங்கிவிடும். மேலே இளமஞ்சள் பிளாஸ்மா. இரண்டுக்கும் நடுவே, காய்ச்சிய பாலில் ஆடை படிந்தது போல, மெல்லிய வெண்படலம் ஒன்று. வெள்ளையணுக்கள் அதில்தான் இருக்கும். தட்டணுக்கள் பெரும்பாலும் அதற்கு மேலே பிளாஸ்மாவிலேயே மிதக்கும். பிளாஸ்மாவை மட்டும் உறிஞ்சி வேறு குழாய்க்கு மாற்றி, இரண்டாவது முறை வேகமாகச் சுற்றுவார்கள். இப்போது தட்டணுக்கள் அடியில் படியும். மேலே உள்ள வெறும் பிளாஸ்மாவில் பெரும்பகுதியை அகற்றிவிட்டு, மிச்சத்தில் அந்தப் படிவைக் குலுக்காமல் மெல்ல அசைத்துக் கரைப்பார்கள். கடைசியில் கையில் நிற்பது சில மில்லிதான்.

"எத்தனை ஆர்.பி.எம்.?" என்று கேட்பதில் பயனில்லை. சுழலும் தட்டின் ஆரம் மாறினால் அதே ஆர்.பி.எம். வேறு விசையைத் தரும். கேட்கவேண்டியது வேறு: இறுதிச் சரக்கில் தட்டணு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தீர்களா? ரத்தப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் அதே எந்திரத்தில் எண்ணிவிடலாம். பல இடங்களில் எண்ணுவதில்லை. மூட்டுக்குள் போடுவதற்கு வெள்ளையணு குறைந்த திரவத்தையே பெரும்பாலும் விரும்புகிறார்கள். சிவப்பாகத் தெரிந்தால் அது நல்ல சரக்கு இல்லை. சிவப்பணு மூட்டின் உட்படலத்தை நோகடிக்கும்.

ஊசி போடுவது ஒரு நிமிட வேலை. மல்லாக்கப் படுக்கவைத்து, கிருமிநாசினி தடவி, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே முட்டிச் சில்லின் வெளிப்பக்க மேல் ஓரமாகச் செலுத்துவார்கள். மூட்டில் நீர் கோத்திருந்தால் முதலில் அதை இறக்கிவிடவேண்டும். மரப்பு மருந்து தோலோடு நிற்கவேண்டும். மூட்டுக்குள் போனால் தட்டணுவின் வேலையைக் கெடுக்கும். முழங்கைத் தசைநார் வலியான டென்னிஸ் எல்போவுக்குப் போடும்போது தசைநாரிலேயே பல முறை குத்துவார்கள், அது நன்றாகவே வலிக்கும்.

அன்றிரவும் அடுத்த இரண்டு மூன்று நாளும் வலியும் இறுக்கமும் கூடும். பயப்பட வேண்டாம், பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். மற்ற வலி மாத்திரைகளை இன்னும் இரண்டு வாரமாவது தொடக்கூடாது. காய்ச்சல் அடித்து, முட்டி சிவந்து வீங்கினால் அது வேறு கதை. மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஸ்டீராய்டு ஊசி போல இது ஓரிரு நாளில் குணம் காட்டாது. நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கவேண்டும். இந்த நாட்களில் பிசியோ சொல்லும் தொடைத் தசைப் பயிற்சியை விட்டுவிட்டு ஊசியைக் குறை சொல்கிறவர்கள் நிறைய.

பலன் உண்டா? சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு முட்டி வலி தெளிவாகக் குறைந்தது. இரண்டு ஊசி போட்டவர்கள் ஒரு ஊசி போட்டவர்களைவிட மேலாக இல்லை. ஆனால் 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வில், உப்புநீருக்கும் இதற்கும் வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அங்கே பயன்படுத்திய திரவத்தில் தட்டணுச் செறிவு குறைவு என்பது பி.ஆர்.பி. ஆதரவாளர்களின் வாதம். நியாயமான வாதம்தான், ஆனாலும் நிரூபிக்கவேண்டியது அவர்கள் பொறுப்பு. குதிகால் தசைநார் வலிக்கு, பிரிட்டனில் 240 பேரிடம் நடந்த சோதனையும் கைவிரித்துவிட்டது. விளையாட்டு வீரர்களுக்கு ஒரு தகவல்: தசைக்குள் போடும் பி.ஆர்.பி.யை 2010இல் தடைசெய்த உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, 2011இல் அந்தத் தடையை நீக்கிவிட்டது.

என் கருத்து இதுதான்: எடையைக் குறைத்து, மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வலி விடாத, நடுக்கட்டத் தேய்மானக்காரர் ஒருமுறை முயன்று பார்க்கலாம். வலி குறையலாம். "தேய்ந்த ஜவ்வு திரும்ப வளரும்" என்று யாராவது சொன்னால் மட்டும் பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்; அந்த ஆஸ்திரேலிய ஆய்வில் எம்.ஆர்.ஐ. எடுத்து அளந்தும் பார்த்தார்கள், குருத்தெலும்பின் அளவில் பி.ஆர்.பி. எந்த அனுகூலமும் காட்டவில்லை.